மூன்று போல்ட் போதுமா?

காலை ஐந்தரை மணிக்கு அனுப்பம்பட்டு ரயில் நிலையத்திற்கு வந்து பாருங்கள். இருட்டு இன்னும் முழுக்க விலகியிருக்காது. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவிலுள்ள இந்தச் சின்ன ஸ்டேஷனில், சென்னை செல்லும் மின்சார ரயிலுக்காக ஆட்கள் கூடி நிற்பார்கள். கையில் சோற்றுத் தூக்கு. கழுத்தில் காண்டிராக்டர் கொடுத்த அட்டை. சுற்றுவட்டாரத்து விவசாயக் கூலிகள் இருப்பார்கள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்த மீனவ இளைஞர்களும் இருப்பார்கள். ஏரி முன்போல் சோறு போடவில்லை. அப்பனும் பாட்டனும் வலை இழுத்த கை இன்று ஸ்பேனர் பிடிக்கிறது.

இவர்கள் போவது எங்கே? அத்திப்பட்டு, வல்லூர், எண்ணூர், காட்டுப்பள்ளி, மணலி. எண்ணெய்க் கிடங்குகள், எரிவாயுக் கிடங்குகள், அனல்மின் நிலையங்களின் நிலக்கரி கன்வேயர்கள். மணலியில் 1969 முதல் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் திரவ இயற்கை எரிவாயு இறக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் தீப்பொறிக்கு அஞ்ச வேண்டிய இடங்கள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த பிரதேசம் வேறு எத்தனை இருக்கிறது?

"எந்தக் கம்பெனி, தம்பி?" என்று ஓர் இளைஞரைக் கேட்டோம். "கம்பெனி பேரு சரியாத் தெரியாதுண்ணே. காண்டிராக்டர் பேருதான் தெரியும்" என்றார். பேச்சு வளர்ந்தது. அவர் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாள். முந்திய வாரம், எண்ணெய் இறைக்கும் பம்பு ஒன்றின் மோட்டாரைப் பழுது பார்த்திருக்கிறார்கள். கேபிள் இணைப்பு உள்ள பெட்டியின் மூடியைத் திரும்பப் பூட்டும்போது, நாலு போல்ட்டில் ஒன்று முறிந்துவிட்டது. அந்த அளவு போல்ட் ஸ்டோரில் இல்லை. வெளியே டாங்கர் லாரிகள் வரிசையில் நின்றன. "மூன்று இருக்கிறதே, போதும், ஓட்டு" என்று சூபர்வைசர் உத்தரவு போட்டார். ஓட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"அண்ணே, நாலு போல்ட்டுல ஒண்ணு இல்லாங்காட்டி இன்னா ஆயிடப் போவுது? மூணு புடிச்சிக்கிட்டுத்தானே இருக்குது?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வலைக் கயிற்றில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் என்ன நேரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை அவருடைய தகப்பனார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இந்த மோட்டார் எப்படிப்பட்டது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே நாம் இங்கே சொல்லிவிடுவது அவசியம் என்று கருதுகிறோம்.

வெடிப்பைத் தாங்கும் பெட்டி

சாதாரண மோட்டார் எங்கும் ஓடும். மாவு மில்லில் ஓடும், வயலில் கிணற்றடியில் ஓடும். அதற்குள் இணைப்பு தளர்ந்தால் பொறி பறக்கும். காயில் எரிந்தால் சூடேறும். அதனால் அந்த மோட்டாரோடு போய்விடும். ஆனால் பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் கதையே வேறு. காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்குச் சுமார் ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தால், ஒரே ஒரு பொறி போதும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, மிஞ்சினாலும் பற்றாது. அந்த இடைவெளிக்குள் இருந்தால் வெடிக்கும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, சாக்கடையிலும் பள்ளத்திலும் தங்கும். சமையல் எரிவாயுவும் அப்படியே.

இத்தகைய இடங்களுக்காகச் செய்ததுதான் 'ஃபிளேம்புரூஃப்' மோட்டார். கெட்டியான வார்ப்பு உடல், கனமான மூடி. இதைப் பார்த்தவுடன், 'இதற்குள் வாயுவே நுழையாது' என்று பலரும் நினைக்கிறார்கள். சில சூபர்வைசர்களும் அப்படியே நினைக்கிறார்கள். இது தப்பு. வாயு நுழையும். மோட்டார் ஓடும்போது சூடாகி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். நின்றதும் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மனிதன் மூச்சு விடுவதுபோல்தான். வெளியே ஆவி இருந்தால் அதுவும் உள்ளே போகும்.

ஆகவே இதைச் செய்த விஞ்ஞானிகள், உள்ளே ஒருநாள் வெடிப்பு நடந்தே தீரும் என்று வைத்துக்கொண்டார்கள். நடக்கட்டும், பெட்டி உடையக்கூடாது, நெருப்பு உயிரோடு வெளியே வரக்கூடாது. இதுதான் அவர்கள் வகுத்த கணக்கு.

எப்படி? மூடியும் உடலும் சேரும் இடத்தில் இரண்டு இரும்பு முகங்களைக் கண்ணாடிபோல் மழமழவென்று கடைந்திருப்பார்கள். அவற்றின் நடுவே மயிரிழை போன்ற இடுக்கு. உள்ளே வெடித்த நெருப்பு அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அப்படி வரும்போது இரும்பு அதன் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே வரும் புகைக்குப் பற்றவைக்கும் சக்தி இருக்காது. 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பி வலை போட்டு நெருப்பை உள்ளேயே நிறுத்தியதும் இதே தத்துவத்தால்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் கார்ல் பெய்லிங் என்ற ஜெர்மானியர், நிலக்கரிச் சுரங்க வாயுவில் மின் யந்திரப் பெட்டிகளை வெடிக்க வைத்துச் சோதித்து, இந்த இடுக்கின் இலக்கணத்தை வகுத்தார். இவை இரண்டும் சுரங்கத் தொழிலாளிகளின் பிணங்களைப் பார்த்த பிறகு பிறந்த விஞ்ஞானம் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அந்த இடுக்கு எவ்வளவு இருக்கலாம்? சோதனைச் சாலையில் புரொபேன் வாயுவின் நெருப்பு, ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த இடுக்கைத் தாண்டுவதில்லை. ஹைட்ரஜன் நெருப்போ மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இடுக்கையும் தாண்டிவிடும். மோட்டார் செய்பவர்கள் இதைவிடச் சிறிய இடுக்கையே வைக்கிறார்கள். எந்த வாயுவுக்கு எந்த மோட்டார் என்ற பிரிவினையும் இதனால்தான் வந்தது. சமையல் எரிவாயுவுக்குச் செய்த மோட்டாரை ஹைட்ரஜன் உள்ள இடத்தில் கொண்டுபோய் வைக்கக்கூடாது.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். உள்ளே வெடித்ததும் அந்த வேகம் மூடியை வெளியே தள்ளுகிறது. மூன்று போல்ட்டும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மூடி பறந்துபோகாது. ஆனால் நாலாவது போல்ட் இல்லாத மூலை நகக்கண் அளவு தூக்கிக் கொடுக்கும். இடுக்கு அங்கே அகன்றுவிடும். ஆறிச் சாம்பலாக வர வேண்டிய நெருப்பு உயிரோடு வெளியே வரும். வெளியே ஆவி காத்துக்கொண்டிருந்தால்? அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அன்று வெளியே ஆவி இல்லை என்பதுதான் அர்த்தம். சோதித்துச் சர்டிபிகேட் கொடுத்தது நாலு போல்ட் பூட்டிய பெட்டிக்கு. மூன்று போல்ட் பெட்டிக்குச் சர்டிபிகேட் கிடையாது.

மோட்டாரைக் கெடுக்கும் வழிகள்

போல்ட் மட்டுந்தானா? விலை உயர்ந்த மோட்டாரைச் சாதாரண மோட்டாராக ஆக்கிவிடும் வழிகள் இன்னும் பல உண்டு. நமது தொழிலாளித் தோழர்கள் இவற்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்:

1. மின்சாரம் இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. மூடியின் மேலேயே அப்படி எழுதியிருக்கும். சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். வாயு இருக்கிறதா என்று கருவியால் பார்த்து, அனுமதிச் சீட்டு எழுதிய பிறகே கை வைக்க வேண்டும்.

2. மூடி ஒட்டிக்கொண்டால் உளியால் நெம்பக்கூடாது. கடைந்த முகத்தில் விழும் ஒரு கீறல் நெருப்புக்கு வாய்க்கால் வெட்டியதாகும். அந்த முகத்தில் பெயிண்டு அடிப்பது, எமரித் தாளால் தேய்ப்பது, கைக்குக் கிடைத்த ரப்பரை வைத்து அடைப்பது எல்லாம் தப்பு.

3. எண்ணூர் கடற்கரையில் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. கடைந்த முகத்தில் துரு ஏறிக் குழி விழுந்தால் இடுக்கின் அளவு போய்விடும். மோட்டார் செய்தவர்கள் சொன்ன கிரீஸைப் பூசி, குறித்த காலத்தில் திறந்து பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இந்தப் பிரதேசம் வெள்ளத்தில் நின்றதை நாம் கண்டோம். தண்ணீரில் நின்ற மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, சோதித்து, அதன் பிறகே ஓட்ட வேண்டும். வெயிலில் காயவைத்து ஓட்டுவது தற்கொலை.

4. கேபிள் நுழையும் இடத்தில் அதற்கென்று அங்கீகரித்த கிளாண்டுதான் இருக்க வேண்டும். உபயோகப்படாத துளையைத் துணியாலோ மரக்கட்டையாலோ அடைத்தால் பெட்டி வெறும் டப்பாதான். எர்த் கம்பி உள்ளேயும் வெளியேயும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

5. மோட்டாரின் மேற்புறச் சூடும் ஆபத்தே. 'டி-3' என்று பொறித்திருந்தால் அதன் சூடு 200 டிகிரியைத் தாண்டாது. 'டி-4' என்றால் 135. இது கம்பெனி கொடுத்த நிலையில் ஓடும்வரைதான். அதிக பாரம் ஏற்றினால், பேரிங் தேய்ந்தால், ஃபேன் அடைபட்டால், தெருமுனைக் கடையில் ரீவைண்டிங் செய்தால் அந்த உத்தரவாதம் போயிற்று. டிரிப் ஆன மோட்டாரைக் காரணம் பார்க்காமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான்.

6. நிலக்கரித் தூளும் வெடிக்கும். மோட்டார்மேல் படிந்த தூள் கம்பளி போர்த்தியதுபோல் சூட்டை அடக்கி, உள்ளுக்குள் கனியும். அதைக் காற்று அடித்து ஊதக்கூடாது; ஊதினால் தூள் மேகமாகிவிடும். உறிஞ்சி எடுக்க வேண்டும். வாயுவுக்குச் செய்த மோட்டார் தூளுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக்கூடாது. தூளுக்குத் தனி வகை உண்டு.

உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம்

இவையெல்லாம் புத்தகத்துப் பயமா? 1913 அக்டோபர் 14 அன்று, பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள செங்கனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளிகள் மாண்டார்கள். மின்சார மணிக் கம்பியில் எழுந்த சிறு பொறி காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் பேசப்பட்டது. சட்ட மீறல்களுக்காக மானேஜருக்கு விதித்த அபராதம் 24 பவுன். ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்கும் சில்லறையும்! அந்தச் சாவுகளுக்குப் பிறகே மணிக் கம்பியின் பொறியைக்கூட அளந்து பலவீனப்படுத்தும் ஆராய்ச்சி வேகம் பிடித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூர் சீதாபுராவிலுள்ள இந்தியன் ஆயில் கிடங்கில், பக்கத்துக் கிடங்கிற்குப் பெட்ரோல் அனுப்பும் வேலை நடந்தது. வால்வு இருந்த இடத்தில் பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஆவி பரவிக்கொண்டே இருந்தது. பிறகு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தீ பத்து நாளுக்கு மேல் எரிந்தது. எம்.பி. லால் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிட்டி, எங்கிருந்து பற்றியிருக்கலாம் என்று பார்த்தது. நிர்வாகக் கட்டிடத்தில் இருந்த ஃபிளேம்புரூஃப் அல்லாத மின் சாதனமாக இருக்கலாம், அல்லது ஸ்டார்ட் செய்த ஒரு வாகனமாக இருக்கலாம் என்றது. இதன் பொருளைக் கவனியுங்கள். வரைபடத்தில் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே விலை உயர்ந்த மோட்டார், வெளியே சாதாரண சுவிட்சு என்று வைக்கிறார்கள். ஆவிக்கு அந்தக் கோடு தெரியாது. கசிவை உடனே கண்டு நிறுத்தும் ஆளும் கருவியும் இல்லாவிட்டால், நல்ல மோட்டார் மட்டும் காப்பாற்றாது.

2025 ஜூன் 30 அன்று தெலுங்கானாவில் பாசமைலாரத்தில் ஒரு மருந்துத் துணைப்பொருள் ஆலை வெடித்தது. அங்கே செய்தது செல்லுலோஸ் தூள். 40-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அனுப்பம்பட்டு பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

'தொழிலாளியின் அஜாக்கிரதை'

விபத்து நடந்ததும் நிர்வாகங்கள் சொல்லும் பதில் நமக்கு மனப்பாடம். "அங்கீகரித்த மோட்டார் வாங்கினோம். சர்டிபிகேட் இருக்கிறது. தொழிலாளியின் அஜாக்கிரதையால் நடந்துவிட்டது."

இதில் பாதி உண்மை. மோட்டார் வாங்கியது உண்மை. பெட்ரோலியக் கிடங்குகளில் அங்கீகரித்த சாதனமே வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கீகாரம் கொடுக்க நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய சர்க்கார் அமைப்பும் இருக்கிறது. ஆனால் சர்டிபிகேட் மோட்டார் வந்த அன்றைக்குச் சாட்சி. அதன் பிறகு பத்து வருஷம், பதினைந்து வருஷம் அந்தச் சர்டிபிகேட்டை உயிரோடு வைத்திருப்பது மெக்கானிக்கின் கை. அந்தக் கை யாருடையது? முன்பு நிரந்தரத் தொழிலாளி பார்த்த வேலை இன்று காண்டிராக்டில் போகிறது. குறைந்த ரேட்டு சொன்னவனுக்கு வேலை. அவன் ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டத்தைக் கொண்டுவருகிறான். ஒருவன் கற்றுக்கொள்வதற்குள் அடுத்தவன் வந்துவிடுகிறான். மாற்றுப் போல்ட் வாங்கிவைப்பதும், பம்பை நிறுத்திப் பார்ப்பதும் கணக்கில் நஷ்டமாக எழுதப்படுகின்றன. இந்த நிலையில் 'அஜாக்கிரதை' யாருடையது?

1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, வெடிக்கக்கூடிய வாயுவோ தூளோ எழும் இடத்தில் பற்றவைக்கும் எதையும் விலக்க வேண்டும், அல்லது பத்திரமாக மூட வேண்டும் என்று சொல்லியது. போபால் படுகொலைக்குப் பிறகு 1987-இல் அதைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழில்களில் தொழிலாளர் பிரதிநிதிகள் சரிபாதியாக அமரும் பாதுகாப்புக் கமிட்டியும், உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமையும் சேர்ந்தன. இப்போது 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்பு வந்திருக்கிறது. மின்சக்தி உபயோகித்து 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்தது, 20 பேர் என்று உயர்ந்துவிட்டது. எச்சரிக்கும் உரிமை புதிய ஏட்டிலும் இருக்கிறது. ஆனால் நாளைக்கு கேட்டில் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயப்படுகிற ஒரு காண்டிராக்ட் தொழிலாளி, அந்த உரிமையை எப்படி உபயோகிப்பான்?

நம்முடைய குறையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நமது சங்கங்கள் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் போனஸ் முதலில், சம்பளம் அடுத்தது, பாதுகாப்பு பத்தாவது. பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்கும்போது முதலில் போவதும் அந்தப் பத்தாவதுதான். நிரந்தரத் தொழிலாளி சங்கத்தில் இருக்கிறார். மோட்டாரைத் தொடுகிற காண்டிராக்ட் தொழிலாளி வெளியே நிற்கிறார். வெடித்தால் நெருப்பு அட்டையின் நிறத்தைப் பார்த்தா எரிக்கும்?

நாம் கேட்பது

ஃபிளேம்புரூஃப் சாதனங்களின் பராமரிப்பு நிரந்தர வேலை. அதைப் பயிற்சி பெற்ற நிரந்தரத் தொழிலாளிகளிடமே கொடுக்க வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளி அந்த இடத்தில் கால் வைக்கும் முன்னால், எது ஆபத்து, ஏன் ஆபத்து என்று தமிழிலும் அவரவர் தாய்மொழியிலும் சம்பளத்தோடு சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு ஏடு வேண்டும்; என்று திறந்தது, யார் திறந்தது, என்ன மாற்றியது என்று அதில் எழுத வேண்டும்; அந்த ஏட்டைப் பாதுகாப்புக் கமிட்டித் தொழிலாளிப் பிரதிநிதி எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டும். அசல் போல்ட்டும் கிளாண்டும் ஸ்டோரில் இல்லாமல் மோட்டார் ஓடக்கூடாது. ஆபத்து என்று சொல்லி வேலையை நிறுத்தியவரைப் பழிவாங்கினால் நிர்வாகம் தண்டனை பெற வேண்டும். மாநில சர்க்காரின் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, தொழிலாளியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இவை பெரிய புரட்சிகரக் கோரிக்கைகள் அல்ல. எந்த நாகரிகமான நாடும் மறுக்க முடியாதவை. ஆனால் கேட்காமல் கிடைக்காது.

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். அந்த விதியை உண்டாக்கியவர்களும் காப்பவர்களும் தண்ணீரில் இறங்குகிறவர்களே. ஒருவன் மீறினால் ஊர் கேட்கும். அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு, ஆலைக்குள் போனதும் விதியைப் பற்றி வாய் திறக்க அருகதை இல்லை என்றால் எப்படி?

அந்த இளைஞரிடம் நாம் ஒன்று சொன்னோம்: "தனியாகப் போய்ச் சண்டை போடாதே, தம்பி. உன்னோடு வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். வாயால் சொல்லாதே, புத்தகத்தில் எழுதச் சொல்." அவர் அப்படியே செய்தார். எழுத்தில் ஏறியதும் மூன்றாம் நாள் போல்ட் வந்தது. மோட்டாரை நிறுத்திப் பூட்டினார்கள். மறுவாரம் அவரை அந்தப் பிரிவிலிருந்து எடுத்து, புல் வெட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

போல்ட்டைப் பூட்டியாகிவிட்டது. அந்த இளைஞரைப் பழைய வேலையில் திரும்ப வைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. அதற்காக அந்த இரண்டு நிரந்தரத் தொழிலாளிகளும் இப்போது தங்கள் சங்கத்தில் பேசி வருகிறார்கள். மற்றக் கிடங்குகளிலும் ஆலைகளிலும் உள்ள தோழர்கள் நாளைக் காலை வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய்யட்டும். தங்கள் பக்கத்து மோட்டாரின் போல்ட்டுகளை எண்ணட்டும்.